மாமி பேசாமல் இருந்த காலை

மாமி வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. ஒரு பக்கக் கைப்பிடியில் விரிசல். நான் என் ஆட்டோவுக்கு ஆயில் மாற்றுகிற நாட்களில் அந்த நாற்காலி சந்தின் நடுவே வந்துவிடும். மாமி அதில் உட்கார்ந்து, இடது கையை மடியில் ஒரு துண்டின்மேல் வைத்துக்கொண்டு, என் வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அந்த இடது கையில் ரத்தக் குழாயை ஆபரேஷன் செய்து இணைத்திருந்தார்கள். அதில் ஒரு கொசு உட்கார்ந்தால்கூட மாமி பதறிப்போவார். மற்றபடி அவர் யாருக்கும் எதற்கும் பயந்தவர் இல்லை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் நான் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. மாமி எனக்குச் சொந்தமில்லை, சவாரிதான். டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் வெளிநாட்டில். சித்திரை வீதியில் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். திங்கள், புதன், வெள்ளி, வாரத்தில் மூன்று நாள் தென்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். பதினோரு மணிக்கு மெஷினில் போட்டால் மூன்று மணிக்கு எடுப்பார்கள். கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும் நான். அப்படி மூன்று வருஷம். எங்கள் இரண்டு பேருக்கும் வாய் நீளம். ராஜகோபுரத்தில் ஆரம்பித்த சண்டை சத்திரம் பேருந்து நிலையம் தாண்டியும் ஓடும். சிக்னலில் பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் என்னை வாடி போடி என்பார், நான் அவரை நீங்க வாங்க என்பேன், ஆனால் திட்டுவதில் மட்டும் குறை வைக்க மாட்டேன். அதை நான் சமமான சண்டை என்றே எண்ணியிருந்தேன்.

ஆயிலை நானே மாற்றுவதற்கும் என் கோபம்தான் காரணம். வண்டி வாங்கிய புதிதில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "வீட்டுக்காரர் வரலையா? அவரை அனுப்பி வைங்க, பேசிக்கிறோம்" என்றார் அங்கிருந்த ஆள். என் வீட்டுக்காரருக்கு ஸ்பேனரில் எது தலை எது வால் என்று தெரியாது. ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்க்கிற மனிதர். அவரை அனுப்பி இவர் என்ன பேசப் போகிறார்? அன்றைக்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். செல்போனில் வீடியோ பார்த்தும், ஒன்றிரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டும் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் ஆயில் மாற்ற எந்தப் பட்டறை வாசலையும் நான் மிதிக்கவில்லை.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் வண்டியை ஓட்டி ஆயிலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் இஞ்சினுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, மேலே ஒரு பழைய தட்டை வைத்து, அடியில் இருக்கும் போல்ட்டை ஸ்பேனரால் கழற்றினால் பழைய ஆயில் கருகருவென்று இறங்கும். கடைசிச் சொட்டு வரை வடிய விட வேண்டும். பிறகு போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் கையால் திருகி, அப்புறம் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். மேலே புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றி, அளவுக் கம்பியில் பார்த்து மூடினால் முடிந்தது. எல்லாம் ஆனபிறகு குழாயடியில் சோப்புத் தூளும் தேங்காய் நாரும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவுவேன். கை கழுவிவிட்டால் வேலை முடிந்தது. இத்தனை வருஷத்தில் என் உடம்பு அப்படித்தான் பழகியிருந்தது.

எங்கள் வீடு இருக்கும் மூலத்தோப்புப் பக்கம் சந்து ஒரே சரிவு. மாமி வீட்டுச் சந்து சிமெண்ட் போட்டுச் சமமாக இருக்கும், கையோடு குழாயும் உண்டு. "இங்கயே பண்ணிக்கோயேன், என் கேட்டு கீலுக்கும் அந்த அழுக்கு எண்ணெயைக் கொஞ்சம் போட்டுட்டுப் போ" என்று மாமிதான் இடம் கொடுத்தார். இடத்தோடு சேர்த்து யோசனையும் கொடுத்தார். தட்டு தள்ளியிருக்கு, புனலைத் துடைச்சியா, வாஷர் புதுசா பழசா என்று நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸில் அடுத்தவர் லைனைச் சரி பார்த்த பழக்கம், விடவில்லை.

அது சித்திரைத் திருநாள் நடந்துகொண்டிருந்த வாரம். வெயில் என்றால் வெயில், வீதியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. டயாலிசிஸ்காரர்கள் நாள் முழுக்க அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. மாமி அளந்து குடிக்கிறவர்தான். ஆனால் வாசலில் நீர்மோர்ப் பந்தல். செவ்வாய்க்கிழமை யாரோ பானகம் கொண்டுவந்து கொடுக்க, இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் இடது கை வீங்கியிருக்கிறது, இன்றைக்கு ஊசி குத்த முடியாது, வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், தண்ணீரைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் மாமியின் உடம்பில் நான்கு நாள் தண்ணீர் நின்றிருந்தது.

ஏழரை மணிக்கு நான் போனபோது மாமி படுக்கையில் இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று ராத்திரி முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறார். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு காலில் ஏறவில்லை. நான்கு வார்த்தை பேசினால் ஒரு மூச்சு வாங்கினார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். பதினோரு மணிக்குத்தான் மெஷின் காலியாகும், பத்தரைக்குள் கொண்டு வந்துவிடுங்கள், டாக்டர் பார்ப்பார், அதற்கு மேல் தள்ளக் கூடாது என்றார்கள்.

நான் வந்த கையோடு திருவிழாவுக்காக வீதியை அடைத்துவிட்டார்கள், ஒன்பது மணிக்கு மேல்தான் வண்டி விட அனுமதி. கையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. முதல் நாள் ஒரு குடும்பத்தை உப்பிலியபுரம் வரைக்கும் கூட்டிப்போய் வந்ததில் இஞ்சின் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ஆயில் மாற்ற வேண்டிய நாள் தாண்டிப்போயிருந்தது. இந்த நிலைமையில் மாமியை வைத்துக்கொண்டு பாலத்தில் வண்டி மக்கர் பண்ணினால் என்ன ஆவது என்ற பயத்தில்தான், இப்போதே மாற்றிவிடலாம் என்று சந்துக்குள் வண்டியை நிறுத்திச் செய்தித்தாளை விரித்தேன். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு வேண்டாமேடி" என்றார். "நாளைக்குப் பண்ணிக்கோயேன்."

எனக்கு ஏற்கெனவே பதற்றம். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், பிறவிக் குணம். கையில் ஸ்பேனரோடு திரும்பி, வாய்க்கு வந்தபடி கத்தினேன். நீங்கள் டெலிபோன் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தபோது எந்த ஒயரை எங்கே சொருக வேண்டும் என்று நான் வந்து சொன்னேனா? பானகத்தைக் குடித்துவிட்டு ஊரைப் பாடாய்ப் படுத்துவது நீங்கள், எனக்கு வேலை சொல்லித் தருவதும் நீங்களா? இத்தனையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னேன்: "என் வேலை எனக்குத் தெரியும் மாமி. வாயை மூடிக்கிட்டு உக்காருங்க. இல்லைன்னா வேற ஆட்டோ பார்த்துக்குங்க."

மாமி ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு நாலு பங்கு திரும்பி வரும். மூச்சு வாங்குகிறது, அதனால்தான் பேசவில்லை என்று எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆயில் வடிந்து முடிந்தது. போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையால் இரண்டு மூன்று சுற்று திருகினேன். ஸ்பேனர் என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் செய்தித்தாள்மேல் கிடந்தது. அதை எடுக்கப் போகிற நேரத்தில் வீதியில் நாதஸ்வரம் கேட்டது. பெருமாள் விடியற்காலையிலேயே எங்கள் பக்கம் தாண்டியிருக்க வேண்டும். ஏதோ ஒரு மண்டபத்தில் நேரமாகிவிட்டது போல, அப்போதுதான் முனை திரும்பினார்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெருமாள் வீதிக்கு வந்துவிட்டால் அடுப்பில் இருக்கிற பாலைக்கூட அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவார்கள். முடி வெட்டிக்கொண்டிருப்பவர் பாதித் தலையோடு வாசலில் நிற்பார். வேலை காத்திருக்கும், பெருமாள் காத்திருக்க மாட்டார். மாமியும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. காலையில் நான் கத்தியதற்கு அப்புறம் அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"பெருமாள் எழுந்தருளிட்டார். என்னை வாசல் வரைக்கும் பிடிச்சிண்டு போ. அந்தக் கையோட தொடாதே, அலம்பிண்டு வா."

ஓடினேன். சோப்புத் தூளும் தேங்காய் நாரும் எடுத்து முழங்கை வரை தேய்த்தேன். நகக்கண் வரைக்கும் அழுக்கு போகக் கழுவிக்கொண்டு வந்து மாமியின் வலது பக்கம் தோள் கொடுத்துத் தூக்கினேன். வாசலுக்குப் பத்தடிதான். அதற்குள் இரண்டு தடவை நின்றோம். யானை போனது, குடை வந்தது, தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு சுமந்து வருகிறவர்களின் வேர்வை தெரிகிற தூரத்தில் பெருமாள் வந்தார். மாமி என்மேல் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு, வீங்கிய இடது கையையும் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டார். அடுத்த சித்திரைக்கும் இந்த அம்மா இதே வாசலில் நிற்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன். சண்டைக்காரிதான், ஆனாலும் இந்தத் தெருவில் எனக்கென்று இருந்தது அவர் ஒருத்தர்தானே.

திரும்பி வந்தோம். மாமியை நாற்காலியில் உட்கார வைத்தேன். நேராக ஆயில் கேனை எடுத்தேன், புனல் வைத்தேன், ஊற்றினேன், அளவுக் கம்பியைப் பார்த்தேன். கை கழுவியாகிவிட்டது அல்லவா, கீழே உள்ள வேலை முடிந்தது என்று என் உடம்பு தீர்மானம் பண்ணிவிட்டது. கீழே அந்த போல்ட் வெறும் விரல் திருகலில் நின்றுகொண்டிருந்தது. ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டேன். இஞ்சினைப் போட்டேன், சத்தம் அருமையாக அடங்கியிருந்தது. எப்போதும் புதுச் செய்தித்தாள் ஒன்றை அடியில் போட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அன்றைக்கு நேரமில்லை. மாமி நாற்காலியில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பேசவில்லை.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். திருவிழாக் கூட்டத்தில் ராஜகோபுரம் தாண்டவே இருபது நிமிஷம் ஆனது. அம்மா மண்டபம் சாலையில் ஊர்ந்து, காவிரிப் பாலம் ஏறும்போது பத்து மணி. பாலத்தில் பாதி போயிருப்போம், பால் கேன் கட்டிய பைக்கில் ஒருவர் பக்கத்தில் வந்து, "அக்கா, பின்னாடி ஆயில் ஊத்துது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே நொடியில் வண்டியில் ஆயில் இல்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டென்று இஞ்சினை அணைத்து, இருக்கிற வேகத்தில் வண்டியைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக விட்டேன். இறங்கிக் குனிந்து பார்த்தால் போல்ட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. காலையில் ஊற்றிய ஆயில், இன்னும் தேன் நிறம் மாறாமல், வந்த வழியெல்லாம் கோடு போட்டிருந்தது.

"என்னாச்சு?" என்றார் மாமி. சத்தமே வரவில்லை, உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"போல்ட்டு உடைஞ்சு போச்சு மாமி. ஒண்ணுமில்ல, இருங்க" என்றேன். யோசிக்காமல் வந்த பொய். அந்த நேரத்தில் அது பொய் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் இறுக்காமல் விட்டிருப்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போன் பண்ணினேன். கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறோம், வர அரை மணி ஆகும் என்றார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அனுப்புகிறோம் என்றார்கள், ஆனால் பாலத்தின் இரண்டு முனையிலும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுச்சாலையில் நின்று கை காட்டினேன். போகிற ஆட்டோ எல்லாம் ஆட்களும் மூட்டையுமாக நிறைந்து போனது. பஸ்ஸில் ஏற மாமியால் காலைத் தூக்க முடியாது. காவிரியில் தண்ணீர் இல்லை, மணலிலிருந்து அனல் மேலே அடித்தது. மாமி முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கியது. உதடு நிறம் மாறிக்கொண்டே வந்தது. மணி பத்து பத்து.

ஆயில் இல்லாமல் ஓட்டினால் இஞ்சின் சீக்கிரமே இறுகிப்போகும். அதற்குள் எவ்வளவு தூரம் போகும்? அண்ணா சிலை வரைக்குமாவது போகுமா? இந்த வண்டியை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை. போனால் போகட்டும் என்று ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்தேன். திருகத் துணியவில்லை, இஞ்சினுக்காக அல்ல. பாதி வழியில் அது நின்றுவிட்டால் அதற்கப்புறம் என்னிடம் ஒன்றுமே இருக்காது.

அப்போதுதான் பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தென்னூர்ப் பக்கத்து பாய் ஒருவர், முன்பின் பார்த்ததில்லை. வண்டியில் ஒரு குடும்பமே இருந்தது, மடியில் குழந்தை, காலடியில் பெட்டி. மாமியை ஏற்ற இடமே இல்லை. மாமியை ஒரு பார்வை பார்த்தார், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார், திரும்பித் தன் சவாரிகளிடம் ஏதோ சொன்னார். குழந்தையை வைத்திருந்த பெண் சரி என்று தலையாட்டினாள்.

"நியூட்ரல்ல போடுங்கம்மா. நான் கால் குடுக்குறேன். நீங்க ஹேண்டில மட்டும் விடாதீங்க."

ஆட்டோக்காரர்களுக்கு இது தெரியும். பின்னால் வருகிறவர் தன் வண்டியை ஓட்டிக்கொண்டே இடது காலை வெளியே நீட்டி, முன்னால் இருக்கிற செத்த வண்டியின் பின் மூலையில் உதைத்தபடி தள்ளிக்கொண்டு வருவார். பட்டறை வரைக்கும் காலி வண்டியைத் தள்ளுவார்கள். ஆள் இருக்கும் வண்டியை, அதுவும் இந்த நிலைமையில் ஒருவரை வைத்துக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி நான் பார்த்ததில்லை. தப்புதான். வேறு வழி?

பாலம் இறங்கினோம். இஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் மற்ற சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்கும். மாமியின் மூச்சு எனக்கு முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பிரேக்கைத் தொட்டால் பாயின் கால் மாட்டும், தொடாவிட்டால் முன்னால் போகிற பஸ்ஸில் போய் இடிப்பேன். ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. அண்ணா சிலையிடம் போலீஸ்காரர் கையைக் காட்டினார். பாய் பின்னாலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று கத்தினார். போலீஸ்காரர் மாமியைப் பார்த்துவிட்டுக் குறுக்கே வந்த வண்டிகளை நிறுத்தினார். சத்திரம் தாண்டி மெயின்கார்டு கேட் பக்கம் நெரிசலில் இரண்டு தடவை கால் நழுவி வண்டி நின்றது. இரண்டு தடவையும் பாய் திரும்ப வந்து கால் வைத்தார்.

கண்ணாடியில் பார்த்தேன். மாமியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கம்பியைப் பிடித்த கை விட்டுப்போயிருந்தது.

"மாமி, பேசுங்க" என்றேன். "ஏதாவது பேசுங்க மாமி. என்னைத் திட்டுங்க."

கண்ணைத் திறந்தார். முடியாது என்று தலையை மட்டும் லேசாக ஆட்டினார். நான் அழுதுகொண்டே ஓட்டினேன். ஓட்டினேன் என்று என்ன சொல்வது, பிடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசல். சக்கர நாற்காலி வந்தது, மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் திரும்பி வந்து பார்த்தபோது பாய் போய்விட்டார், அவருடைய சவாரிகளுக்குப் பஸ்ஸோ ரயிலோ நேரமாகியிருக்கும். அவர் பேரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அதற்குப்பிறகு அவரை நான் எங்கேயும் பார்க்கவும் இல்லை.

நான்கு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு நர்ஸ் வெளியே வந்து, தண்ணீர் இறங்குகிறது, மூச்சு பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். அப்போதுதான் முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன். கை சுத்தமாக இருந்தது. ஸ்பேனரால் இறுக்கினால் உள்ளங்கையில் சிவப்பாக ஒரு தடம் விழுந்து ரொம்ப நேரம் இருக்கும். தடம் இல்லை. உட்கார்ந்தபடியே காலையை ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்தேன். வாஷர் போட்டேன், கையால் திருகினேன், நாதஸ்வரம் கேட்டது, கை கழுவினேன். ஸ்பேனரை எடுக்கவே இல்லை. போல்ட் உடையவில்லை. நான்தான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. புது போல்ட் போட்டு, ஆயில் ஊற்றிக்கொண்டு வண்டியை எடுத்து வந்தேன். ஸ்டாண்டில் கம்பெனி போல்ட் எல்லாம் இப்போது சரியில்லை என்று நான் சொல்ல, எல்லோரும் ஆமாம் என்றார்கள். அதைவிடக் கொடுமை மாமி பண்ணியது. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், சொட்டு ஆயில் இல்லாத வண்டியில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள், வயிற்றில் பிறந்த பிள்ளை பண்ண மாட்டான் என்று என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். வெளிநாட்டு மகனும் போனில் கூப்பிட்டு நன்றி சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று தடவை கூட்டிப்போய்த் திரும்பினேன், வாய் வரைக்கும் வந்தது வெளியே வரவில்லை. சொன்னால் இனிமேல் இந்த வண்டியில் ஏறுவாரா? ஏறக் கூடாது என்பதுதான் நியாயம்.

மூன்றாவது தடவை, மறுவாரத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாமி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். இறங்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"போல்ட்டு உடையல மாமி. நான் முறுக்கவே இல்ல."

"தெரியும்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். மாமி மடியில் கிடந்த துண்டைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் கையால திருகிட்டு, அந்த ஸ்பேனரை எடுத்து, உதட்டைக் கடிச்சிண்டு ஓர் இழுப்பு இழுப்பே. அன்னிக்கு நீ உதட்டைக் கடிக்கலை. ஸ்பேனர் பேப்பர் மேலயே கிடந்தது. அதை எடுத்து நீ பெட்டியில போட்டதைப் பார்த்துண்டுதான் இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த நிலைமையிலும் கோபம்தான் முதலில் வந்தது, என்னத்தைச் சொல்ல. "பார்த்துட்டு ஏன் மாமி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மாமி வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"வேற ஆட்டோ பார்த்துக்கோன்னு சொன்னியே. வாயைத் திறந்து, நீ கோச்சிண்டு போயிட்டா, என்னை யார் கூட்டிண்டு போவா? எனக்கு யார் இருக்கா? உனக்குத் தெரியாததான்னு நினைச்சிண்டு பேசாம உட்கார்ந்துட்டேன்."

மூன்று வருஷச் சண்டையும் ஒரு நொடியில் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. நான் கோபித்துக்கொண்டு போனால் எனக்கு ஒரு சவாரி குறையும். அவர் கோபித்துக்கொண்டால் எங்கே போவார்? என்னை வாடி போடி என்று அதட்டிய அந்த அம்மா, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் அளந்து அளந்துதான் பேசியிருக்கிறார். தன் உயிர் போகிற விஷயத்தைக்கூட என் கோபத்துக்குப் பயந்து விழுங்கியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய் அவர் காலடியில் வண்டிப் படியில் உட்கார்ந்தேன்.

"இனிமே சொல்லுங்க மாமி. நான் கத்தினாலும் சொல்லுங்க."

"நீ கத்தாம இரு, சொல்றேன்" என்றார்.

அதற்குப் பிறகும் மாமி என் வண்டியில்தான் வந்தார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் வந்தார். ஒரு மார்கழியில் ஆஸ்பத்திரியிலேயே, மெஷினில் அல்ல, தூக்கத்தில் போனார். இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். நான் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சமமான இடம் பார்த்து ஆயில் மாற்றுகிறேன். பக்கத்தில் யார் நின்றாலும், நான் ஸ்பேனரால் முறுக்கினேனா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிரிப்பார்கள், ஆனாலும் பார்த்துச் சொல்வார்கள். நான் கத்துவதையும் பெரும்பாலும் விட்டுவிட்டேன்.

அந்த ஒன்றரை வருஷமும் நான் மாமியிடம் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தட்டு தள்ளியிருக்கு, வாஷர் போட்டியா, ஸ்பேனரை எடு என்று ஒன்று விடாமல் சொன்னார். ஆனால் ஒவ்வொரு தடவையும், வாயைத் திறப்பதற்கு முன்னால், என் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்.